பெட்டி பாதி, வாடகை முழுசு

"ஏனுங்க தம்பி, பெட்டியே பாதி சைஸ்தானுங்க, வாடகையை மட்டும் எப்படிங்க முழுசாப் போட்டிருக்கீங்க?"

போன வாரம் திருப்பூரிலிருந்து வந்த போன். பனியன் கம்பெனி ஒன்றில் ஷிப்பிங் பார்க்கிறவர், குரலில் வயது தெரிந்தது, வேலைக்குத்தான் புதுசு போல. இருபதடி கண்டெய்னருக்கு நான் சொன்ன ரேட், நாற்பதடிக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம்தான் கம்மி. கடல் வாடகையிலும் துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் கட்டணத்திலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் நல்ல வித்தியாசம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரோட்டு வாடகை மட்டும் உறுத்தத்தான் செய்யும். இவன் ஏமாற்றுகிறான் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன், அதுவும் டிரெய்லர் ஆபீசுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு.

தூத்துக்குடியில் எனக்கு வேலை, எந்த வண்டி எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று போட்டுக் கொடுப்பது. பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருடைய மொத்தக் கணக்கும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: நடை. "வண்டி இந்த மாசம் எத்தனை நடை அடிச்சிருக்கு, அதைச் சொல்லுல." கன மீட்டர் என்றால் அவருக்கு என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இதுவரை வந்ததில்லை.

ஒரு நடையை விரித்துப் பார்க்கலாம். கம்பெனியிலேயே பெட்டியில் சரக்கு ஏற்றுவது என்றால், வண்டி முதலில் லைனர், அதாவது கப்பல் கம்பெனி, சொல்கிற யார்டுக்குப் போய்க் காலிப் பெட்டியை எடுக்க வேண்டும். அப்புறம் மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் என்று திருப்பூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், வெறும் காற்றைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும். அங்கே லோடு ஏற்றி, சீல் போட்டு, வந்த வழியே திரும்பி, எடை போட்டு, துறைமுகக் கேட்டில் போய் நிற்க வேண்டும். போக வர அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், அதில் சரக்கோடு ஓடுவது பாதிதான். டீசல், டோல், டிரைவர் பேட்டா, டயர், வண்டித் தவணை, இன்சூரன்ஸ் இவற்றில் எது பெட்டியின் நீளத்தைப் பார்த்து வருகிறது, சொல்லுங்கள். டோலையே எடுத்துக்கொள்வோம். தேசிய நெடுஞ்சாலையில் கட்டணம் அச்சுக் கணக்கு. நான்கிலிருந்து ஆறு அச்சு வரை ஒரே வகை, ஒரே தொகை. எலியார்பத்தியிலும் புதூர் பாண்டியாபுரத்திலும் ஃபாஸ்டேக் படிக்கிற கருவிக்கு, மேலே உட்கார்ந்திருப்பது இருபதா நாற்பதா, காலியா லோடா என்பதெல்லாம் தெரியாது. 24 மணி நேரத்துக்குள் அதே டோலுக்குத் திரும்பி வந்தால் இரண்டு தடவைக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கோடு போகும். கம்பெனியில் லோடு ஏற்ற லேட்டானால் அந்தச் சலுகையும் போச்சு.

டீசல் மட்டும் எடையைக் கொஞ்சம் பார்க்கும். காலிப் பெட்டியோடு லிட்டருக்கு நாலரை, ஐந்து கொடுக்கிற வண்டி, கனத்த லோடில் மூன்றுக்கு வந்துவிடும். ஆனால் அதற்கும் நீளம் ஒரு பொருட்டில்லை. பனியன் ஏற்றிய நாற்பதடியைவிட சிவகாசி நோட்டுப் புத்தகம் ஏற்றிய இருபதடிதான் அதிகம் குடிக்கும்.

இது புரிய வேண்டுமானால் கண்டெய்னர் கதவில் பெயின்டில் எழுதியிருப்பதை ஒரு தடவை நின்று வாசிக்க வேண்டும். யாரும் வாசிப்பதில்லை. இருபதடிப் பெட்டியில் பெரும்பாலும் மொத்த எடை 30,480 கிலோ, பெட்டியின் சொந்த எடை 2,200 சொச்சம் என்று இருக்கும். ஆக, ஏறக்குறைய 28 டன் சரக்கு தாங்கும். பக்கத்தில் நிற்கிற, உயரம் கூடிய நாற்பதடி ஹை க்யூப்பைப் பாருங்கள். பழையதென்றால் அதே 30,480, புதியதென்றால் பல பெட்டிகளில் 32,500 இருக்கும், சொந்த எடை 3,900 அளவில். கழித்தால் இருபத்தாறரையிலிருந்து இருபத்தெட்டரை டன். நீளம் இரண்டு மடங்கு ஆகிறது, உயரமும் எட்டரை அடியிலிருந்து ஒன்பதரை அடியாகிறது, உள்ளே இடம் 33 கன மீட்டரிலிருந்து 76-க்குத் தாவுகிறது, தாங்கும் எடை மட்டும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கிறது. கனத்த சரக்குக்கு ஒரு பெட்டி, இடத்தை அடைக்கிற சரக்குக்கு இன்னொரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பனியன் கணக்கையே போடுவோம். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள அட்டைப்பெட்டி ஒன்று 0.096 கன மீட்டர். ஹை க்யூப்பில் மூலை முடுக்கில் வீணாவது போக 68 கன மீட்டர் அடுக்க முடிந்தால் எழுநூறு அட்டைப்பெட்டி. ஒன்று 12 கிலோ என்றால் எட்டரை டன்கூட இல்லை. வண்டிக்கு அது ஒரு லோடே கிடையாது, டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே வருவார். கிரானைட் பலகை அப்படியில்லை. 26 டன் கிரானைட் என்பது பத்து கன மீட்டர் அளவுதான், இருபதடியில் மூன்றில் இரண்டு பங்கு காலியாகக் கிடக்கும்போதே எடை முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சரக்கு இருக்கிறது, பொள்ளாச்சி, உடுமலை பக்கமிருந்து வரும் காயர் பித் கட்டி. அழுத்திப் பிழிந்த தேங்காய் நார்த்தூள். நாற்பதடி ஹை க்யூப்பை இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்து 25 டன்னுக்கும் வந்துவிடும். டிரெய்லர்காரனுக்குச் சவாலான சரக்கு எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் பெட்டி தாங்கும் எடை வேறு, ரோட்டில் சட்டம் விடுகிற எடை வேறு. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளைக் கூட்டியது. இரண்டு அச்சு முன்வண்டியும் மூன்று அச்சு டிரெய்லரும் சேர்ந்தால் முன்பு 40.2 டன், இப்போது 45.5. முன்வண்டிக்கும் மூன்று அச்சு என்றால் முன்பு 49, இப்போது 55. இதில் முன்வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த சொந்த எடை, எங்கள் ஐந்து அச்சு வண்டிகளில், 14 டன்னை ஒட்டி வரும். மிச்சம் முப்பத்தொன்று. அதற்குள் சரக்கும் அடங்க வேண்டும், பெட்டியின் எடையும் அடங்க வேண்டும். காயர் பித் 25, பெட்டி 3.9, சரி, தப்பித்தோம். மீறினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஏற்றினது கம்பெனி, ரோட்டில் மாட்டுவது டிரைவர்.

மொத்த எடை சரியாக இருந்தும் மாட்டலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். 26 டன் இருபதடிப் பெட்டியை நாற்பதடி டிரெய்லரில் எங்கே உட்கார வைப்பது? முன்னால் தள்ளி வைத்தால் முன்வண்டியின் இழுக்கும் அச்சுக்கு மேலே பாரம் ஏறும், அதற்கு வரம்பு 11.5 டன். கடைசியில் வைத்தால் பின்னச்சுகள் நசுங்கும், முன் சக்கரம் லேசாகி மழையில் பிடிக்காது. நடுவில்தான் வைக்க வேண்டும், அதற்கு டிரெய்லரின் நடுவிலும் பெட்டியைப் பூட்டுகிற லாக் இருக்க வேண்டும். எல்லா டிரெய்லரிலும் இருக்காது. எனவே 'ஒரு டிரெய்லர் அனுப்புங்க' என்று யாராவது சொன்னால், எத்தனை அடி, எத்தனை டன் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வராமல் நான் வண்டி போடுவதில்லை. அளவை மட்டும் சொல்லிவிட்டு எடையைச் சொல்லாதவர்கள்தான் அதிகம். 2016 ஜூலை 1-லிருந்து ஏற்றுமதிப் பெட்டிக்கு சரிபார்த்த எடை கொடுக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது என்று உலகம் முழுக்க விதி வந்ததே, அதற்குப் பிறகுதான் பல கம்பெனிகளுக்குத் தங்கள் சரக்கின் எடையே தெரிய ஆரம்பித்தது என்பது என் அபிப்பிராயம்.

சரி, அப்படியானால் ஒரே டிரெய்லரில் இரண்டு இருபதடியை வைத்துவிட்டால் நடை பாதியாகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், மூளை ரொம்ப வேலை செய்த காலம். திருப்பூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஒரே நாளில் இரண்டு இருபதடி வேண்டும், இரண்டும் துணி, எடை ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு காலிப் பெட்டியையும் ஒரே டிரெய்லரில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு நடையை மிச்சம் பிடித்த பெருமையில் அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் டிரைவர் அண்ணனிடமிருந்து போன். "தம்பி, முன் பெட்டிக் கதவை எப்படித் தொறக்க?"

இருபதடி என்று சொல்கிறோமே தவிர அது சரியாக இருபதடி கிடையாது. நீளம் 6.058 மீட்டர், இருபதடிக்கு ஒன்றரை அங்குலம் குறைவு. நாற்பதடிதான் சரியாக 12.192 மீட்டர். இரண்டு இருபது சேர்ந்து ஒரு நாற்பதின் இடத்தில் உட்கார நடுவே சந்து வேண்டுமே, அதற்காக விட்ட மூன்று அங்குலம் அது. அந்த மூன்று அங்குலச் சந்தில்தான் என் முன் பெட்டியின் கதவு இருந்தது, எதிரே பின் பெட்டியின் சுவர். கை நுழையும், கதவு திறக்காது. துறைமுகத்திலோ யார்டிலோ என்றால் பெட்டியைத் தூக்கி இறக்கும் இயந்திரம் நிற்கும். பனியன் கம்பெனி வாசலில் என்ன இருக்கும்? டீக்கடையும் இரண்டு வேப்ப மரமும்தான்.

கடைசியில் ஹைட்ரா கிரேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பின் பெட்டியைக் காலியாகவே தூக்கி ரோட்டோரம் வைத்து, முன் பெட்டியை நிரப்பி, மறுபடி பின் பெட்டியைத் தூக்கி டிரெய்லரில் உட்கார வைத்து, அதை நிரப்பி அனுப்பினார்கள். நல்லவேளை அது தட்டையான தளம் உள்ள டிரெய்லர், வெறும் எலும்புக்கூடாக இருந்திருந்தால் சுமை தூக்குகிறவர்கள் கம்பியில் நடந்து போய்த்தான் அட்டைப்பெட்டியை உள்ளே வைத்திருக்க வேண்டும். கிரேன் வாடகை, வண்டி ஒன்றரை நாள் காத்து நின்றதற்கான ஹால்டிங் காசு, கம்பெனிக்காரரின் திட்டு எல்லாம் சேர்த்து இரண்டாவது வண்டியே அனுப்பியிருக்கலாம் என்ற தொகைக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் திட்டவில்லை. "கதவு இருக்கது எந்தப் பக்கம்னு பாக்காம பெட்டி தூக்குனியால?" என்று மட்டும் கேட்டார். இரண்டு இருபதை ஒரே வண்டியில் ஓட்டுவது நடக்கிற காரியம்தான், ஆனால் ஏற்றி முடித்த பெட்டிகளை இடம் மாற்றுவதற்கு, அல்லது இரண்டு முனையிலும் பெட்டியைத் தூக்க இயந்திரம் இருக்கிற இடத்துக்கு. அப்போதும் இரண்டுக்கும் சேர்த்து சரக்கு 26 டன்னைத் தாண்டினால் ஐந்து அச்சு வண்டிக்கு ஆகாது.

இது போகத் தெரு என்று ஒன்று இருக்கிறது. கடல் வாடகை சொல்கிற யாருக்கும் தெரு தெரியாது. டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், ஹை க்யூப் 2.9 மீட்டர், ஆக 4.4 மீட்டர். முன்வண்டியோடு சேர்த்தால் நீளம் 15 மீட்டருக்குக் குறையாது. திருப்பூரில் பாதிக் கம்பெனிகள் இருப்பது அந்த நீளம் திரும்பவே முடியாத வீதிகளில். தொங்கும் கரண்ட் கம்பி, ரயில்வே சுரங்கப் பாலம். ஆடி மாதம் வந்தால் கோயில் திருவிழாவுக்குத் தெருமுனையில் அலங்கார வளைவு, முகூர்த்த நாளில் கல்யாண வளைவு. ஒருமுறை எங்கள் வண்டி ஒரு கல்யாண வளைவுக்கு முன்னால் நின்று, மாப்பிள்ளை அழைப்பு முடிகிற வரை காத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் டிரைவருக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டார்கள், அந்த நாலு மணி நேரத்துக்கு நான் ஹால்டிங் கேட்கவும் மனசு வரவில்லை. இப்படிப்பட்ட தெருவுக்கு நாற்பதடிக்கே சரக்கு இருந்தாலும் இருபதடியாக அனுப்புங்கள் என்பார்கள். இரண்டு வண்டி, இரண்டு நடை, அது தெருவுக்காகக் கட்டுகிற காசு.

பெட்டி அளவை மாற்றுவதால் வருகிற கணக்குப் பிசகு 2021-ல் எல்லோருக்கும் உறைத்தது. கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்கக் காலிப் பெட்டித் தட்டுப்பாடு, மார்ச்சில் சூயஸில் எவர் கிவன் குறுக்கே மாட்டி ஆறு நாள் அடைப்பு. ஹை க்யூப் கிடைக்கவில்லை, இரண்டு இருபதாக எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனிகள் எடுத்தன. வண்டித் தேவை ஒரே அடியில் இரண்டு மடங்கானது. அதோடு விட்டதா? 33-ஐ இரண்டால் பெருக்கினால் 66, 76 ஆகாது. மேலே சொன்ன எழுநூறு அட்டைப்பெட்டியில் இரண்டு இருபதடிக்குள் ஐந்நூற்று எண்பது போனால் அதிகம். மிச்சம் நூற்றிருபது அட்டைப்பெட்டி கம்பெனி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும், அதற்கு மூன்றாவதாக ஒரு லாரி, வேறு யாருடைய சரக்கோடோ பங்கு போட்ட பெட்டியில் ஒரு மூலை.

எந்த அளவுப் பெட்டி ஊருக்குள் காலியாகக் கிடக்கும் என்பதை இறக்குமதிதான் தீர்மானிக்கிறது. கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைக்கு வெளிநாட்டுப் பஞ்சு நாற்பதடியில் வருகிறது. இறக்கிய பிறகு அந்தக் காலிப் பெட்டி தூத்துக்குடிக்குத் திரும்ப வேண்டும். அதே லைனரின் பெட்டி, அதே அளவு, அதே வாரத்தில் திருப்பூர்க் கம்பெனிக்கு வேண்டும் என்றால் யோகம்தான். முந்நூறு கிலோமீட்டர் காலி ஓட்டம் அறுபது, நூறாகச் சுருங்கிவிடும், வாடகையில் நல்ல தொகை குறையும், எங்களுக்கும் லாபம், அவர்களுக்கும் லாபம். இதில் லைனர் ஒத்துப் போகும், தேதி ஒத்துப் போகும், அளவு இடிக்கும். அங்கே இருப்பது நாற்பது, இங்கே கேட்பது இருபது. அளவும் ஒத்துப்போய், உடுமலைக் காகித ஆலைக்கு வேஸ்ட் பேப்பர் கொண்டுவந்த பெட்டியாக அது அமைந்துவிட்டால், கதவைத் திறந்ததும் வருகிற வாடைக்கே பனியன் கம்பெனிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, குழந்தைத் துணி ஏற்றுகிறவர்.

நேரக் கணக்கும் அளவோடு நகரும். இருபதடியை ஆறு பேர் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிடுவார்கள், ஹை க்யூப் என்றால் ஐந்து மணி நேரம் வைக்க வேண்டும், நடுவில் சாப்பாடு, டீ. மாலை ஆறு மணிக்குள் சீல் விழுந்தால் விடியற்காலை தூத்துக்குடி. ஒன்பதானால் கேட் வரிசையில் வெயிலோடு நிற்க வேண்டியதுதான். கப்பலுக்கான கட்-ஆஃப், அதாவது பெட்டி உள்ளே போயாக வேண்டிய கடைசி நேரம், மதியம் என்றால் யார் வயிற்றிலும் புளி கரையும். கொழும்பு போகிற ஃபீடர் என்ற சின்னக் கப்பலைத் தவறவிட்டால் அங்கிருந்து கிளம்பும் பெரிய கப்பலும் போய்விடும்.

இவ்வளவையும் அந்தத் திருப்பூர் அண்ணனிடம் சொல்லவில்லை. "அண்ணே, சரக்கு எத்தனை கன மீட்டர்?" என்றேன். இருபத்தாறு என்றார். எடை மூன்று டன்னுக்குள். சரக்கை வாங்குகிற பையர், உங்கள் கம்பெனியிலேயே வைத்துப் பெட்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லீங்க, நாங்களா கேட்டதுதானுங்க." வீதி எப்படி என்றேன். சின்ன வீதிதானாம், கோயில் நோன்பிக்குக் கம்பம் நட்டு லைட் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

"அப்ப எதுக்குண்ணே டிரெய்லர்? 22 அடி மூடிய லாரி ஒண்ணு பிடிங்க. தூத்துக்குடியில சி.எஃப்.எஸ்.னு பெட்டியில சரக்கு ஏத்துற கிடங்கு இருக்கு, அதுல இறக்கி இங்கயே இருபதடில ஏத்திரலாம். லாரிக்காரன் இங்கேர்ந்து வேற லோடு பிடிச்சுட்டுப் போயிருவான், உங்களுக்கு ஒரு வழி வாடகைதான். அட்டைப்பெட்டியை ரெண்டு தடவை கையாளுவாங்க, அதை மட்டும் பாத்து நல்ல கெட்டிப் பெட்டியாப் போடுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க தம்பி" என்றார்.

லாரி நேற்று வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது. என் டிரெய்லர் ஒன்று யார்டில் சும்மா நிற்கிறது, இந்த மாதக் கணக்கில் ஒரு நடை குறையும். அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.